உப்புக் காற்றில் ஒரு புனருத்தாரணம்

அலைவாய் என்று பழந்தமிழ் பெயரிட்டழைத்த திருச்செந்தூரில், கடலை ஒட்டி நிற்கும் முருகன் கோயில் இன்று நாம் தரிசிக்கும் கருங்கல் உருவத்தை அடைந்து நெடுங்காலம் ஆகிவிடவில்லை. முன்பிருந்த கட்டடம் மணற்கல்லால் ஆனது. ஓயாது வீசும் உப்பங்காற்று அக்கல்லைச் சிறிது சிறிதாக அரித்துப் பொடியாக்கிவிட்டபடியால், மௌனசாமி என்னும் துறவி தொடங்கி, அவருக்குப் பின் காசிசாமியும் ஆறுமுகசாமியும் பொருள் திரட்டித் தொடர்ந்து நடத்திய ஜீர்ணோத்தாரணம் 1941-ஆம் ஆண்டுக் குடமுழுக்கில் பூர்த்தியாயிற்று. கட்டடத்தைத் தின்பது எதுவென்று கண்டு, அதற்கு ஈடுகொடுக்கும் பொருளைத் தேர்ந்து, தலைமுறை கடந்த பொறுமையோடு செய்த காரியம் அது. ஊரின் ஓரங்களில் பிற்பாடு பெருகிய கான்கிரீட் வீடுகள் இப்போது அதே காற்றில் முதுமை எய்திக்கொண்டிருக்கின்றன. அவற்றை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பிவிடலாம் என்ற பேச்சும் ஆங்காங்கே கேட்கிறது. இடிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டியது கட்டடத்தின் வயது அன்று. அதனுள் புகுந்திருக்கும் உப்பின் அளவு.

தட்டட்டியின் அடிப்புறத்தில் காரை உப்பிப் பெயர்ந்து, செம்பழுப்பான கம்பி வெளியே தெரிவதைக் கடற்கரையூர்களில் காணாதவர் இல்லை. நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரம் இருக்கும்வரை, உள்ளே கிடக்கும் இரும்பின் மேல் கண்ணுக்குப் புலனாகாத ஒரு மெல்லிய கவசம் படிந்து துருவைத் தடுத்து நிற்கும். காற்றிலுள்ள கரியமிலவாயு மெல்ல மெல்ல உட்புகுந்து காரத்தைக் குறைப்பது ஒரு வழி. கடற்காற்றும் உவர்நீரும் கொண்டுவரும் குளோரைடு, காரம் குறையாத இடத்திலும் கவசத்தைத் துளைத்துவிடுவது மற்றொரு வழி. துருவாக மாறிய இரும்பு தன் பழைய பருமனைப்போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை வீங்குமாகையால், சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடுகிறது. கரியமிலவாயு புகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை அனுசரித்து வளர்வது. பத்து ஆண்டில் 10 மில்லிமீட்டர் சென்றது 20 மில்லிமீட்டரை எட்ட நாற்பது ஆண்டு ஆகும். கம்பியின் மேல் மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனத்தைக் கொத்தனார் சிறிது கூட்டியிருந்தாலும் வீட்டின் ஆயுள் வெகுவாக நீண்டிருக்கும் என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்த நிலைமையைச் சோதித்தறிவது பெரும் செலவு பிடிக்கும் வித்தையுமன்று. புதிதாக உடைத்த கான்கிரீட்டின் மேல் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் எஞ்சியுள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். காரம் இழந்த பகுதி நிறம் மாறாது. துளையிட்டெடுத்த தூளில் குளோரைடு எவ்வளவு என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். இவற்றைச் செய்யாமல், பெயர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பி வெள்ளையடிப்பதே நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. உப்பு உள்ளேயே தங்கிவிடுவதால், ஒட்டுப்போட்ட இடத்தின் விளிம்பில் துரு முன்னிலும் வேகமாகக் கிளம்புகிறது. சோதனை என்பது வீட்டில் குடியிருப்போரின் உயிரைப் பற்றிய விஷயம். 2021 டிசம்பர் 27 அன்று, சென்னைத் திருவொற்றியூரில், 1993-இல் கட்டப்பட்ட அரசுக் குடியிருப்பொன்றில் 24 வீடுகள் கொண்ட பகுதி சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்னதாகவே வெளியேறியிருந்தமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. அதுவும் கடற்கரை, அக்கட்டடத்தின் வயதோ 28.

சோதனையில் தேறும் வீட்டைச் செப்பனிட்டுக் காப்பதே சிக்கனம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கரை ஒரு டன் சுட்டெடுக்கும்போது 800 கிலோகிராமுக்கு மேல் கரியமிலவாயு வெளியேறுகிறது. அதிற் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளிலிருந்தன்று, சுண்ணாம்புக் கல்லிலிருந்தே வருவது. தேறாத வீட்டை இடிக்கத்தான் வேண்டும். அப்போதும் இடிபாட்டைக் குளத்தில் கொட்டவேண்டியதில்லை. முறையாக நொறுக்கிச் சலித்த பழைய கான்கிரீட்டை, எம்25 என்னும் வலிமைத்தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் ஜல்லியின் 20 சதவீதம் வரை கலக்கலாமென்று 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை அனுமதித்திருக்கிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பலோ நமக்கு அண்டையிலேயே கிடைப்பது; சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக அதைச் சேர்த்து நன்கு நீரூற்றிப் பதப்படுத்தினால், கான்கிரீட்டின் நுண்துளைகள் நெருங்கி உப்பின் பிரவேசத்தைத் தடுக்கின்றன.

வீட்டின் மேல் வரும் உப்பைப் பற்றி இவ்வளவும் சொன்னேன். அடியிலிருந்து வரும் உப்பு அதனினும் கவலை தருவது. கடலுக்கு இவ்வளவு அருகில் நாழிக்கிணற்றில் நன்னீர் சுரப்பதை அதிசயமென்று யாத்திரிகர் கொண்டாடுகிறார்கள். அதிசயமே, ஆயினும் அதற்கொரு பௌதிக நியாயமுண்டு. கடற்கரை மணலுக்கடியில் மழைநீர், தன்னைவிடக் கனத்த உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது மீட்டர் நன்னீர் நிற்குமென்பது கணக்கு. ஆகவே மேல்மட்டம் ஒரு மீட்டர் தாழுமாயின், நாளடைவில் உவர்நீர் நாற்பது மீட்டர் மேலேறிவரும். நான்கு குடும்பம் இருந்த மனையில் பதினாறு குடும்பத்தைக் குடியேற்றி, அத்தனைபேருக்கும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தே நீர் இறைக்கும் புனர்நிர்மாணம், தன் அடிவாரத்துக்குத் தானே கடலை அழைத்துவருகிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்ற விதியும், அந்த உவர்க்கிணற்று நீரைக் கொண்டே கட்டும்போது காற்றில் பறந்துவிடும்.

இதே மண்ணில்தான் 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. அத்தகைய பெருமழையை எந்த மணலும் முழுதும் குடித்துவிடாது. அதற்குக் குளங்களும் கால்வாய்களும் வழிவிடவேண்டும். ஆனால் ஆண்டுதோறும் பெய்யும் சாதாரண ஐப்பசி, கார்த்திகை மழையை உள்வாங்க மணல் காத்திருக்கிறது. நாம்தான் முற்றம் முழுதும் சிமெண்ட் பூசி அதன் வாயை அடைத்துவிட்டோம். நெல்லைச் சீமையின் பழைய வளவுகளில், எதிரெதிர் வீடுகளின் தார்சா என்னும் முன்கூடங்களுக்கு நடுவே பொதுவாக விட்ட மண்முற்றம் இருக்கும். அங்கே பிள்ளைகள் விளையாடுவார்கள், நெல் காயும், மழை பெய்தால் சிறிது நேரம் தேங்கிப் பின் மறைந்துவிடும். புதுப்பிக்கும் தெருவில் நான்கைந்து மனைக்காரர் கூடிப் பின்புறத்தில் அப்படியொரு முற்றத்தைப் பூசாமல் விட்டு, தட்டட்டி நீரை அதற்குள் இறக்கினால், அந்த நீர் அவர்கள் வீட்டு அஸ்திவாரத்தின் கீழ் உவரைக் கீழே தள்ளிக்கொண்டு நிற்கும்.