இறையாட்சியும் இறைவாக்கு விளக்கமும்

மார்கழித் திங்கள் வைகுண்ட ஏகாதசியன்று வைகறையில் ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கப்படுகிறது. காவிரியைக் கடந்து மக்கள் திரள்திரளாக அத்தீவை நோக்கிச் செல்கின்றனர். ஏறத்தாழ அதே காலத்தில், தென்கரையில் திருச்சிராப்பள்ளி நகரின் ஆலயங்களில், திருவருகைக் காலத்திற்குரிய ஏசாயாவின் பகுதிகளும் மாற்கு 13ஆம் அதிகாரமும் வாசிக்கப்படுகின்றன. வாசிப்பைக் கேட்ட சபையார் ஆயரை அணுகி, "ஐயா, ஆண்டவர் எப்பொழுது வருவார்? இப்போது நடக்கும் போர்களெல்லாம் முன்னுரைக்கப்பட்டவைதாமா?" என்று வினவுகின்றனர். இவ்வினாவை நகைத்து ஒதுக்குவதும் தவறு. நாள் குறித்து விடையளிப்பதும் தவறு. எங்ஙனம் விடையளிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

1. சொல்லும் பொருளும்

'பசிலேயா' என்னும் கிரேக்கச் சொல்லும், அதற்குப் பின்னணியான 'மல்கூத்' என்னும் எபிரேயச் சொல்லும், முதற்கண் ஒரு நிலப்பரப்பைக் குறிப்பன அல்ல. அரசர் ஆளுகை செய்தலையே குறிப்பன. 1871இல் முழுமையாக வெளிவந்த பவர் ஐயரின் திருப்புதல் 'தேவனுடைய ராஜ்யம்' என்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'இறையாட்சி' என்கிறது. முன்னையது எல்லையுள்ள ஒரு நாட்டை நினைப்பூட்டுகிறது. பின்னையது கடவுளின் செயலை நினைப்பூட்டுகிறது.

மத்தேயு வழங்கும் 'பரலோக ராஜ்யம்' என்னும் தொடர் இன்னும் மிகுதியாகப் பிறழ உணரப்படுகிறது. கடவுளின் பெயரை நேரே சொல்லத் தயங்கிய யூத மரபின் வழக்கையொட்டி, 'வானம்' என்பது அங்கே கடவுளையே சுட்டுகிறது என்பது அறிஞர் பலர் கருத்து. நம் மக்களோ அதனை மோட்சம் என்றே கேட்கின்றனர். பூலோக வைகுண்டம் எனப் போற்றப்படும் தலத்தின் நிழலில் வாழ்வோர்க்கு இஃது இயல்பே. ஆன்மா இவ்வுலகைக் கடந்து பரமபதம் சேர்தல் என்பது வைணவ அன்பர்களின் ஆழ்ந்த நம்பிக்கை. அதனை நாம் மதிக்கிறோம். ஆயினும் திருவெளிப்பாடு 21ஆம் அதிகாரத்தில் மனிதர் மேலேறிச் செல்வதை அன்று, நகர் கீழிறங்கி வருவதையே காண்கிறோம். ஆண்டவர் கற்பித்த மன்றாட்டும் உம்முடைய ஆட்சி வருக என்றே வேண்டுகிறது; நாங்கள் அங்கு வருக என்று வேண்டவில்லை.

2. இறைவாக்கினர் பணி

இறைவாக்கினர் வருங்காலத்தை முன்கூட்டியே எழுதி வைத்த கணியர் அல்லர்; தம் காலத்து மக்களைக் கடவுளின் பெயரால் மனந்திரும்ப அழைத்தவர்கள். அவர்தம் முன்னறிவிப்பும் இவ்வழைப்பின் பகுதியே. யோனா குறித்த நாற்பது நாள்கள் கடந்தும் நினிவே அழியவில்லை, மக்கள் மனந்திரும்பினர். எருசலேம் பாழாகும் என்று மீகா அறிவித்ததையும், எசேக்கியா அரசர் பணிந்ததால் அத்தீங்கு அப்போது விலகியதையும், ஒரு நூற்றாண்டுக்குப் பின் மூப்பர்கள் எடுத்துக்காட்டினர் (எரேமியா 26:17-19). மீகா தோற்றார் என்று அவர்கள் கருதவில்லை.

தானியேல் நூலின் காட்சிகளை அந்தியோக்கு எப்பிபானின் கொடுமையோடும் (கி.மு. 167-164), திருவெளிப்பாட்டை உரோமைப் பேரரசின் நெருக்கடியோடும் பொருத்திப் படித்தல் வேண்டும். முதலில் கேட்டோர்க்கு அது என்ன பொருள் தந்தது என்பதே முதல் வினா. நமக்கு என்ன சொல்கிறது என்பது இரண்டாம் வினா. வரிசையை மாற்றினால் விளக்கம் குலைந்துவிடும்.

3. கணக்கிட்டோரின் பட்டறிவு

தமிழ் அந்தணர் குடும்பத்திலிருந்து 1861இல் திருமுழுக்குப் பெற்று, ஆங்கிலிக்கன் குருவாகத் திருவிதாங்கூரில் பணியாற்றியவர் யுஸ்துஸ் ஜோசப். வித்துவான் குட்டி என்று மக்கள் அழைத்த அப்பெரும் பாவலரின் பாடல்கள் இன்றும் மலையாளச் சபைகளில் பாடப்படுகின்றன. 1870களின் எழுப்புதலில் தலைமை ஏற்ற அவரும் அவருடைய அன்பர்களும், ஆண்டவர் 1881இல் வருவார் என்று அறிவித்துக் காத்திருந்தனர். அவ்வாண்டு கடந்தது. சிலர் பழைய சபைகளுக்குத் திரும்பினர். சிலர் அறிவிப்புக்குப் புதுப்பொருள் கூறித் தனிக் குழுவாக நிலைத்தனர். அவர்தம் பக்தியை ஐயுற நமக்கு உரிமையில்லை. பக்தி மட்டும் விளக்கத்தைத் தவறினின்று காக்காது என்பதே பாடம்.

அண்மைக் காலத்திலும் இதனைக் கண்டோம். தானியேல் கண்ட பத்துக் கொம்புகள் ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பே என்று பலர் போதித்தனர். 1981இல் கிரேக்க நாடு சேர்ந்ததும் உறுப்பு நாடுகள் பத்தாயின, 1986இல் பன்னிரண்டாயின. கொம்புகளின் எண்ணிக்கை மாறவில்லை, விளக்கமே மாறிற்று. அதனை நம்பிய எளிய விசுவாசிக்கு நேர்ந்த மனத்தளர்ச்சிக்கு யார் பொறுப்பு?

4. வந்ததும் வரவிருப்பதும்

இயேசு இறையாட்சியை முற்றிலும் உடனடி வருங்காலமாகவே எதிர்பார்த்தார் என்றார் ஆல்பர்ட் சுவைட்சர். அது அவருடைய பணியிலேயே வந்துவிட்டது என்று 1935இல் சி. எச். டாட் வாதிட்டார். 1946இல் ஆஸ்கர் குல்மன் போர் உவமை ஒன்றால் இரண்டையும் இணைத்தார்: முடிவை உறுதிசெய்யும் சமர் வெல்லப்பட்டாயிற்று, ஆனால் போர் ஓய்ந்து வெற்றி நாள் இன்னும் வரவில்லை. 'ஏற்கெனவே', 'இன்னும் இல்லை' என்னும் இவ்விரண்டில் ஒன்றை விட்டாலும் நற்செய்தி குறைவுபடும்.

லூக்கா 17:21இல் பழைய திருப்புதல் 'உங்களுக்குள்' என்றதைப் புதியது 'உங்கள் நடுவே' என்கிறது. எதிரே நின்றவர் பரிசேயர் ஆதலின் பின்னையதே பொருந்துவதாகத் தோன்றுகிறது. இறையாட்சி தனியொருவரின் உள்ளத்து அமைதியில் அடங்குவதன்று. மக்களிடையே, உறவுகளில் வெளிப்படுவது.

5. கோட்டை நகர் கற்பிப்பது

திருச்சி மலைக்கோட்டையின் அடியில் நின்று தானியேல் 2ஆம் அதிகாரத்தைப் படித்தால் அதன் பொருள் விளங்கும். பல்லவர், சோழர், நாயக்கர், நவாபு, கும்பினியார் எனப் பலர் இங்கு ஆண்டு மறைந்தனர். எந்த அரசையும் இறையாட்சி என்று கொள்ளலாகாது. எந்த அரசும் நிலையானதன்று.

1762இல் இங்குப் பணி தொடங்கிய சுவார்ட்சு ஐயர், வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்தார். 1766இல் கோட்டையில் கிறிஸ்து ஆலயத்தைப் படைத்தார். இவை இறையாட்சியின் அடையாளங்கள். அதே சோழ மண்டலத்துச் சபைகளில் சாதி வேற்றுமை நீடித்ததும், 1833இல் பேராயர் தானியேல் வில்சன் அதனை ஒழிக்கக் கட்டளையிட்டபோது தஞ்சையில் பலர் பிரிந்து சென்றதும் மறைக்கக்கூடாத வரலாறு. விலங்கின் முத்திரை எதுவென ஆராயும் நாம், ஆண்டவரின் பந்தியில் அருகே அமர்பவரின் சாதியை இன்னும் ஆராய்கிறோம் எனில், இறைவாக்கின் எப்பகுதியைப் புரிந்துகொண்டோம்?

1826 ஏப்ரல் 3ஆம் நாள் காலையில் பேராயர் ஹீபர் இக்கோட்டைச் சபையில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் அளித்தார்; சில மணி நேரத்தில் நீராடும் குளத்தில் இறந்தார். தம் நாழிகையை அவர் அறிந்திலர், பணியில் இருந்தார். விழிப்பாயிருத்தல் என்று ஆண்டவர் கூறியது இதனையே (லூக்கா 12:43). எப்பொழுது என்று கேட்கும் சபையாரிடம் ஆயர் கூறத்தக்க விடையும் இதுவே: நாளைத் தந்தை அறிவார், வேலை நமக்குத் தரப்பட்டுள்ளது.