கிராபிக்ஸ் கார்டு வாங்கறதுக்கு முன்னாடி மூணு சோதனை

கேம் திக்கித் திக்கி ஓடுதுன்னா உடனே கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு சேர்க்க ஆரம்பிச்சிடறோம். அடைப்பு எங்கேன்னு முதல்ல பார்த்துடுவோம். வெள்ளகோவில்ல தறி ஓட்டறவங்களுக்கு இது புதுசில்லைங்க: தார் நூல் தீர்ந்துட்டா எப்பேர்ப்பட்ட தறியும் நின்னுதான் கிடக்கும்.

2021-ல வந்த ரைசன் 5 5600ஜி பிராசஸரை எடுத்துக்கலாம். இதுக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கு. ஆனா அதுக்குன்னு தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பகிர்ந்துக்கும்.

முதல் சோதனை: வி-சிங்க்கை அணைச்சுட்டு, ரெசல்யூஷனை 1080-ல இருந்து 720-க்கு இறக்குங்க. எஃப்பிஎஸ் நல்லா ஏறினா அடைப்பு கிராபிக்ஸ் பக்கம். ஏறவே இல்லைன்னா பெரும்பாலும் பிராசஸர் பக்கம். அப்ப புது கார்டு போட்டும் பெருசா பலனில்லை.

இரண்டாவது: டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்தைப் பாருங்க. ஒரே ஸ்லாட்தான் நிரம்பியிருக்கா? டிடிஆர்4-3200 ரேம் ஒண்ணு மட்டும் இருந்தா நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபிதான் போகும். அதே மாதிரி இன்னொண்ணை, போர்டுல சொல்லியிருக்கற ஸ்லாட்ல போட்டா 51.2. எஃப்பிஎஸ் இரட்டிப்பாகாது, ஆனா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மூணாவது: முதல் பத்து நிமிஷம் நல்லா ஓடிட்டு அப்புறம் தொய்யுதா? சூடு. இந்தப் பிராசஸருக்கு வரம்பு 95 டிகிரி. அதை நெருங்கினா தானே வேகத்தைக் குறைச்சுக்கும். தறிக்குடோன் பக்கத்து வீடுன்னா ஃபேன்ல பஞ்சு அடைஞ்சிருக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு பிரஷ்ல தட்டி எடுங்க.

துடைக்கறதுக்குச் செலவில்லை, ரேமுக்குக் கொஞ்சம், கார்டுக்கு நிறைய. இந்த வரிசையிலயே போங்க.