மூக்கில்லாத ஜீப்

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ காலை வேளையில் கடைகளுக்குச் சரக்கு இறக்க வரும் சிறிய கனவுந்துகளைக் கவனித்தால் ஒன்று புலப்படும். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மூக்கு இல்லை. மகிழுந்துக்கு இருப்பதுபோல் முன்னே நீண்ட இயந்திர மூடி இராது. ஓட்டுநர் ஏறக்குறைய முன்சக்கரத்தின் மேலேயே அமர்ந்திருப்பார். இயந்திரம் இருக்கைக்குக் கீழே மறைந்திருக்கும். இந்த அமைப்பை 'ஃபார்வர்ட் கன்ட்ரோல்' என்பர். வண்டியைக் கட்டுப்படுத்தும் இடம் முன்னே தள்ளி வைக்கப்பட்டுள்ளது என்பது அதன் பொருள். நெருக்கடியான நகரத்துக்கு இது ஏற்ற அமைப்பு. குறுகிய சந்திலும் எளிதில் திரும்பலாம். வண்டியின் நீளத்தில் பெரும்பகுதியைச் சரக்குக்கே ஒதுக்கலாம்.

பாறையிலும் சேற்றிலும் ஓடவேண்டிய வண்டிக்கு இதே அமைப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? கரடுமுரடான பாதைகளில் வண்டி ஓட்டுவதில் ஆர்வம் கொண்டவர்கள் இந்தக் கேள்வியில் இரு பிரிவாகிவிடுகின்றனர்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோஆப் என்னும் சிற்றூர் உள்ளது. அதைச் சுற்றிலும் செந்நிற மணற்பாறைகள். 1967ஆம் ஆண்டு தொடங்கி, ஈஸ்டர் பண்டிகைக் காலத்தில் ஜீப் ஓட்டுநர்கள் இங்குத் திரண்டு வந்து பாறைப் பாதைகளில் வண்டி ஓட்டுகின்றனர். ஜீப் நிறுவனம் தன் புதிய மாதிரி வண்டிகளை இவ்விழாவுக்குக் கொண்டு வருவதுண்டு. மாதிரி வண்டி என்பது விற்பனைக்கு உரியதன்று. ஒரு வடிவமைப்பு எண்ணத்தைக் கண்முன் காட்டுவதற்காக ஒன்றோ இரண்டோ மட்டும் செய்யப்படுவது. 2012ஆம் ஆண்டு அவ்வாறு வந்த 'மைட்டி எஃப்சி' பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அது ஜீப் ராங்லர் வண்டியிலிருந்து உருவானது. ஆனால், ஓட்டுநர் அறை முன்சக்கரங்களுக்கு மேலே நகர்த்தப்பட்டு, பின்னால் நீண்ட சரக்குத் தட்டு அமைக்கப்பட்டிருந்தது. சக்கரங்களின் உயரம் 40 அங்குலம்; அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டர்.

இந்த எண்ணம் புதிதன்று. வில்லிஸ் நிறுவனம் 1956ஆம் ஆண்டின் இறுதியிலேயே இத்தகைய ஜீப்பை அறிமுகப்படுத்தியது. புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர் அதற்கு உருவம் கொடுத்தார். அதன் சிறிய வகையான எஃப்சி-150இல் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 81 அங்குலமே இருந்தது. இது ஏறத்தாழ 206 சென்டிமீட்டர். இவ்வளவு குறுகிய அடித்தளத்தின் மேல் ஆறடிக்கும் அதிக நீளமுள்ள சரக்குத் தட்டு பொருந்தியது வியப்புக்குரியதுதான். 1965ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதன் உற்பத்தி நின்றது. எனினும், இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் அதே வகை வண்டியைத் தொடர்ந்து தயாரித்தது.

பிரிட்டிஷ் படையினருக்கும் இந்த அமைப்பு பிடித்திருந்தது. 1970களில் லேண்ட் ரோவர் நிறுவனம் '101 ஃபார்வர்ட் கன்ட்ரோல்' என்ற வண்டியை அவர்களுக்காகச் செய்தது. பீரங்கியை இழுக்க வலிமை வேண்டும். விமானத்தில் ஏற்றிச் செல்லச் சிறிய உருவமும் வேண்டும். மூக்கை நீக்கியதால் இரண்டும் கைகூடின. பிற்காலத்தில் படை கழித்துவிட்ட இவ்வண்டிகளை ஆர்வலர்கள் தேடி வாங்கினர்.

மூக்கில்லாத வண்டியைப் போற்றுவோர் முதலில் சொல்வது பார்வையைப் பற்றித்தான். சாதாரண ஜீப் செங்குத்தான பாறையின் உச்சியை அடையும்போது, ஓட்டுநரின் கண்ணுக்கு இயந்திர மூடியும் வானமும் மட்டுமே தெரியும். சக்கரத்துக்கு முன்னால் பள்ளமா பாதையா என்பது தெரியாது. கீழே இறங்கி நிற்கும் நண்பர் கைகாட்டி வழி சொல்ல வேண்டியிருக்கும். மூக்கில்லாத வண்டியிலோ கண்ணாடிக்கு நேர் கீழே பாதை. எந்தக் கல்லின் மேல் எந்தச் சக்கரம் ஏறப்போகிறது என்பதை ஓட்டுநரே பார்த்துக்கொள்ளலாம். பாறைப் பாதையில் ஓட்டியவர்கள் இதன் மதிப்பை நன்கு அறிவர்.

இரண்டாவது, மேடு ஏறும் திறன். வண்டி செங்குத்தாக ஏறும்போது அதன் எடை பின்சக்கரங்களை நோக்கிச் சாய்கிறது. முன்புறம் இலேசாகி, முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். சில வேளைகளில் அவை தரையைவிட்டே எழும்பும். ஓட்டுநர், இயந்திரம் ஆகிய இரண்டின் எடையும் முன்னால் இருந்தால் முன்சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

எதிர்ப்போர் இதே உண்மையைத் திருப்பிப் போடுகின்றனர். ஏறிய வண்டி இறங்கத்தானே வேண்டும்? இறக்கத்தில் எடை முன்னோக்கிச் சாயும். ஏற்கெனவே முன்புறம் கனமான வண்டியில், தட்டு காலியாக இருந்தால், பின்சக்கரங்கள் பெயருக்குத்தான் தரையைத் தொடும். அந்த நேரத்தில் பிரேக்கைப் பலமாக அழுத்தினால் பின்புறம் தூக்கிக்கொள்ளலாம். எஃப்சி-150க்கு இந்தக் குறை இருந்தது. அதன் குறுகிய அடித்தளம் குறையை மேலும் கூட்டியது. மைட்டி எஃப்சியின் அச்சுகளுக்கு இடையே 117 அங்குலம் இருந்தது. பழையதைவிட இது 36 அங்குலம் அதிகம். அடித்தளம் நீளும்போது வண்டி முன்னோக்கிக் கவிழும் அச்சம் குறைகிறது. ஆனால், சட்டென்று திரும்பும் திறனும் சற்றுக் குறைகிறது. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்காத வடிவமைப்பு அரிது.

குலுக்கலும் ஒரு சிக்கல். முன்சக்கரங்கள் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லின் மேல் ஏறுவதாகக் கொள்வோம். இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் அமர்ந்திருப்பவர் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் மட்டுமே உயர்வார். முன் அச்சின் மேல் அமர்ந்திருப்பவரோ முழு 30 சென்டிமீட்டரும் தூக்கிப் போடப்படுவார். நாள் முழுவதும் இப்படிச் சென்றால் முதுகு என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இயந்திரம் அறைக்குள் இருப்பதால் அதன் சூடும் இரைச்சலும் அருகிலேயே இருக்கும். பழுது பார்க்க வேண்டுமானால் அறைக்குள் இருக்கும் மூடியைத்தான் திறக்க வேண்டும். சேற்றுக் காலணியோடு உள்ளே முழங்காலிட்டு வேலை செய்த அனுபவத்தைப் பழைய வண்டி வைத்திருப்போர் சிரித்துக்கொண்டே சொல்வர். அந்த நேரத்தில் அவர்கள் சிரித்திருக்கமாட்டார்கள்.

மைட்டி எஃப்சியில் இரு தரப்பினரும் ஒருமனதாகப் பாராட்டிய உறுப்பு ஒன்று உண்டு. அது 'போர்ட்டல் அச்சு'. சாதாரண வண்டியில் அச்சு சக்கரத்தின் நடுமையத்துக்கு நேராகச் செல்லும். ஆகவே, அச்சின் நடுவில் தொங்கும் கனமான பற்சக்கரப் பெட்டி முதலில் பாறையில் இடிக்கும். போர்ட்டல் அச்சு சக்கர மையத்தைவிட உயரத்தில் செல்கிறது. சக்கரத்தின் அருகே உள்ள கூடுதல் பற்சக்கரங்கள் சுழற்சியைக் கீழே இறக்கி மையத்துக்குக் கொண்டு சேர்க்கின்றன. இதனால் வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே இடைவெளி கூடுகிறது. ஜெர்மனியின் யூனிமோக் வண்டிகள் நெடுங்காலமாக இம்முறையைப் பின்பற்றுகின்றன.

இவ்வளவு ஆரவாரத்துக்குப் பிறகும் மைட்டி எஃப்சி விற்பனைக்கு வரவில்லை. 'இதை மட்டும் விற்றால் உடனே வாங்குவேன்' என்று சொன்னவர்கள் ஏமாற்றம் அடைந்தனர். ஆனால், பாதுகாப்பு என்ற கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மூக்குள்ள வண்டி எதன்மீதேனும் மோதினால் முன்பகுதி முதலில் நசுங்கும். மோதலின் வேகத்தில் ஒரு பகுதியை அது தாங்கிக்கொள்ளும். மூக்கில்லாத வண்டியில் கண்ணாடிக்கும் தகட்டுக்கும் அடுத்ததாக இருப்பவை ஓட்டுநரின் முழங்கால்கள். மோஆப் பாறைகளில் நடைவேகத்தில் ஊர்ந்து செல்லும்போது இது பெரிய குறையாகத் தோன்றாது. ஆனால், அந்தப் பாறைகளைச் சென்றடைய நெடுஞ்சாலையில் பல மணி நேரம் ஓட்டவேண்டும். 1956இல் எவரும் பெரிதாகக் கேட்காத இந்தக் கேள்விக்கு இன்றைய நிறுவனம் விடை சொல்லியே ஆகவேண்டும்.

2018ஆம் ஆண்டின் இறுதியில் ஜீப் நிறுவனம் பின்தட்டு கொண்ட புதிய வண்டியை அறிமுகப்படுத்தியது. அதன் பெயர் கிளேடியேட்டர். ராங்லரைப் போலவே அதற்கும் நீண்ட மூக்கு இருந்தது. மூக்கில்லாத ஜீப்பை விரும்புவோர் இன்றும் 1950களின் துருப்பிடித்த வண்டிகளைத் தேடிப் பிடித்துச் சீர்செய்கின்றனர். சிலர் பழைய அறையை மட்டும் கழற்றி, நீளமான புதிய அடித்தளத்தின் மேல் பொருத்துகின்றனர். இறக்கத்தில் பின்புறம் எழும்பாமல் இருக்க, மாற்றுச் சக்கரத்தையும் கருவிப் பெட்டியையும் தட்டின் கடைசியில் இறுகக் கட்டிவைக்கின்றனர்.