கம்ப்யூட்டரில் முதல்ல தேதியைப் பாருங்க!

செகண்ட் ஹேண்டில் கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இ-சேவை தளத்தைத் திறந்தால், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரிக்கை வருகிறதா? உடனே சர்வரைத் திட்டாதீங்க! தேதி தவறாக இருக்கலாம். மதர்போர்டிலுள்ள சின்ன பேட்டரி தீர்ந்தால் தேதி சில வருடம் பின்னால் போய்விடும். விண்டோஸில் கீழே வலது மூலையில் தெரியும் நேரத்தை ரைட் கிளிக் செய்து, செட்டிங்ஸில் நேரம் தானாக அமையும் வசதியை ஆன் செய்யுங்கள். நேர மண்டலம் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி' என்று இருக்க வேண்டும்.

அடுத்து ஷார்ட்கட். ஒவ்வொரு முறையும் கூகுளில் தேடினால், அரசுத் தளம் மாதிரியே இருக்கும் போலித் தளத்தில் பணம் கட்டிவிட வாய்ப்புண்டு. முகவரி 'டாட் ஜிஓவி டாட் ஐஎன்' என முடிகிறதா என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பிறகு குரோமில் முகவரிக்கு இடப்பக்கமுள்ள சின்னத்தை அப்படியே டெஸ்க்டாப்புக்கு இழுத்து விடுங்கள். போனிலும் இதைச் செய்யலாம்: மூன்று புள்ளி மெனுவில் 'ஹோம் ஸ்கிரீனில் சேர்' போதும்.

ஸ்கேன் செய்தவற்றை வீட்டில் ஆளுக்கொரு ஃபோல்டரில், 'அம்மா-ஆதார்' என்பதுபோல் பெயரிட்டு வையுங்கள். கடையில் நாலு பேர் உட்காரும் கம்ப்யூட்டர் என்றால் டெஸ்க்டாப்பில் ஆதார் நகல் வேண்டவே வேண்டாம். பாஸ்வேர்டு போட்டு வையுங்கள்; எழுந்து போகும்போது விண்டோஸ் பட்டனையும் 'எல்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்.