புகார்க் கடிதம் எழுதுவதும் ஒரு வைத்தியம்தான்!

1909-ம் வருஷம். ஒகில் சந்திர சென் என்ற வங்காளத்துக்காரர் ரயிலில் போய்க்கொண்டிருந்தார். பலாப்பழத்தை ஒரு பிடி பிடித்திருந்ததால் வயிறு உப்பிவிட்டது. அகமதுபூர் ஸ்டேஷனில் இறங்கி அவசரமாக ஒதுங்கினார். அதற்குள் கார்டு விசில் ஊதிவிட்டார்! ஒரு கையில் சொம்பு, மறு கையில் வேட்டி என்று ஓடி வந்தவர், ஆண்களும் பெண்களும் பார்க்க பிளாட்பாரத்தில் விழுந்தார். ரயிலும் போய்விட்டது.

மனிதர் கூச்சப்பட்டுச் சும்மா இருக்கவில்லை. சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தட்டுத்தடுமாறிய ஆங்கிலம்தான். ஆனால் எந்த ஸ்டேஷன், என்ன நடந்தது, யார் மீது தவறு, என்ன செய்ய வேண்டும் என்ற விவரம் அத்தனையும் அதில் இருந்தது. சாதாரண வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வர இந்தக் கடிதம்தான் வழிசெய்தது என்பார்கள்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வாங்கிய பொருள் கெட்டிருந்தால் வாய் வலிக்கத் திட்டுகிறோம். பிறகு "போனா போவுது" என்று குப்பையில் போட்டுவிடுகிறோம். மற்ற பொருளுக்குப் பரவாயில்லை. மருந்துக்கு இது ஆகாது.

காரைக்குடியில் என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஆச்சி ஒருவர், பிள்ளை பெற்ற மகளுக்காகத் தபாலில் பிரசவ லேகியம் வாங்கினார். மூடியைத் திறந்தால் பூஞ்சணம்! "மேலாப்ல வழிச்சுட்டுக் குடுக்கலாமா டாக்டரய்யா?" என்று கேட்டார். கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணத்தை வழித்தாலும் அதன் நஞ்சு உள்ளே இறங்கியிருக்கலாம். பச்சை உடம்புக்காரி சாப்பிடுகிற பொருள் அல்லவா?

கம்பெனிக்கு அவர் எழுதி வைத்திருந்த கடிதத்தையும் காட்டினார். நாலு பக்கம். முழுக்க வசவு. "ஆச்சி, எந்த டப்பானு இதுல எங்க எழுதியிருக்கீங்க?" என்றேன். சிரித்துவிட்டார். அரைப் பக்கத்தில் திருத்தி எழுதினோம். மூன்றாவது வாரம் பணம் திரும்ப வந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அதே பாட்ச் டப்பாக்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுப்பதாகப் பதில் எழுதியிருந்தார்கள். எத்தனை தாய்மார்கள் தப்பினார்களோ!

எப்படி எழுத வேண்டும்?

1. கோபம் பித்தத்தைக் கிளப்பும். ராத்திரி எழுதினால் காலையில் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வசவை அடித்துவிடுங்கள்.

2. பில் நம்பர், வாங்கிய தேதி, விலை எழுதுங்கள். மருந்தானால் லேபிளில் உள்ள பாட்ச் நம்பர், தயாரித்த தேதி, காலாவதி தேதி, லைசென்ஸ் நம்பர் அவசியம்.

3. குறையை ஒரே பத்தியில் சொல்லுங்கள். நடந்தது மட்டும் போதும், யூகம் வேண்டாம்.

4. என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். பணமா, மாற்றுப் பொருளா? பதிலுக்கு 15 நாள் என்பது போலக் கெடுவும் வையுங்கள்.

5. பில்லின் நகலை மட்டும் அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். கெட்டுப்போன டப்பாவை மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அதுதான் சாட்சி!

6. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பர்மா, மலாயா வரை போய் லேவாதேவி செய்த நகரத்தார், கடிதத்துக்கும் கணக்குக்கும் நகல் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும்.

பதில் வரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் வருஷச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

சித்த மருந்து சாப்பிட்டு உடம்புக்கு ஏதாவது வந்தால், முதலில் மருந்தை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். பிறகு தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். மருந்துகளின் பாதகங்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு அங்கே இருக்கிறது.

இன்னொன்று. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே எங்களைப் பற்றியும் தாராளமாக எழுதலாம். பாட்ச் நம்பருக்குப் பதில் மருந்துச் சீட்டை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்!