உங்களுக்குத் தெரியுமா? ஐதராபாத் கண்ட விசித்திரப் பந்துவீச்சு

பேஸ்பாலில் பந்தை எறிபவர் முழங்கையை விருப்பம்போல் மடக்கி நீட்டலாம் என்பதால் அங்கே விசித்திர எறிமுறைகளுக்குப் பஞ்சமில்லை. கிரிக்கெட்டிலோ முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்ற வரம்பு 2005 முதல் நடைமுறையில் உள்ளது.

இவ்வரம்பை மீறாமலே புதுமை காட்டியவர்களுள் இலங்கையின் லசித் மலிங்கா முதன்மையானவர். காலியை அடுத்த ரத்கமையில் கடற்கரை மணலில் டென்னிஸ் பந்தால் பழகிய அவர், கையைத் தலைக்கு மேல் உயர்த்தாமல், கவண் சுழற்றுவதுபோல் பக்கவாட்டில் வீசினார். இதனால் பந்து, பின்னாலுள்ள வெண்திரைக்கு நேராக அன்றி நடுவரின் உடலையொட்டிப் புறப்பட, மட்டையாளர் அதன் பாதையைக் கணிக்கத் தடுமாறினார். ஓடத் தொடங்குமுன் பந்தை முத்தமிடுவதும் அவரது மாறாத வழக்கமாக இருந்தது.

வழக்கத்துக்கு மாறான பந்துவீச்சாளர்கள் ஐதராபாத்துக்குப் புதியவர்கள் அல்லர். பிறவியிலேயே மடங்கிய முழங்கையுடன் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த முத்தையா முரளிதரன், 2015 முதல் ஐ.பி.எல். அணியான சன்ரைசர்ஸின் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்தது இந்நகரில்தான்.

மலிங்காவின் பந்துவீச்சையும் இந்நகர் கண்டது: 2019 மே 12 அன்று இங்குள்ள உப்பல் மைதானத்தில் நடந்த ஐ.பி.எல். இறுதிப் போட்டியின் கடைசிப் பந்தில் சென்னைக்கு 2 ரன்கள் தேவைப்பட்டபோது, மும்பை அணியின் மலிங்கா வேகம் குறைத்து வீசிய யார்க்கரில், அதாவது மட்டையாளரின் காலடியில் விழும் பந்தில், ஷர்துல் தாக்கூர் எல்.பி.டபிள்யூ. ஆக, மும்பை 1 ரன்னில் வென்றது. அதே ஆட்டத்தில் 4 ஓவர்களில் 49 ரன்களை வாரி வழங்கியவரும் மலிங்காவே.