ஆடிக் காற்று, மார்கழிப் பனி, அடுக்குத் தும்மல்

எழுந்ததும் பத்துப் பன்னிரண்டு தும்மல் அடுக்காக வரும். மூக்கு தண்ணீராய் ஒழுகும். கண்ணும் மேலண்ணமும் நமைக்கும். காய்ச்சல் மட்டும் இருக்காது. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இதைச் ‘சைனஸ்’ என்பார்கள், ‘டஸ்ட் அலர்ஜி’ என்பார்கள், பல வீடுகளில் வெறும் ‘சளி’தான். சளி ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். வாரக்கணக்கில் நீடித்து, வருஷாவருஷம் அதே மாதத்தில் திரும்பி வந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்தே சில குழந்தைகளுக்கு மூக்கின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும்.

தமக்குக் கோடைதோறும் வந்த இந்தத் தொல்லையை லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் 1819இல் விவரித்தார். வைக்கோல் காயும் பருவத்தில் வந்ததால் அங்கே ‘வைக்கோல் காய்ச்சல்’ என்று பெயர் நிலைத்தது. புல்லின் மகரந்தமே காரணம் என்று தம் மேலேயே சோதித்து 1873இல் எழுதியவர் சார்லஸ் பிளாக்லி. கெடுதல் செய்யாத மகரந்தத்தை உடம்பு பகையென்று எண்ணிவிடுகிறது. அடுத்த முறை அது மூக்கில் பட்டதும் ஹிஸ்டமின் சுரக்கிறது. தும்மலும் நமைச்சலும் அதன் வேலை.

ஐரோப்பாவின் பருவக் கணக்கு காவிரிக்கரைக்குப் பொருந்தாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று மண்ணை வாரி இறைக்கிறது; அந்தப் புழுதி ஏற்கெனவே புண்பட்ட மூக்கை இன்னும் கிளறும். ஐப்பசி மழைக்குப் பின் காலிமனைகளில் புல்லும் பார்த்தீனியமும் பூக்கின்றன, ஈரச் சுவரில் பூஞ்சை படர்கிறது. மார்கழியில் பனியோடு புகையும் தரையை ஒட்டியே நிற்கிறது. வைகுண்ட ஏகாதசிக்கு விடியுமுன் கிளம்புகிறவர் பழி போடுவது பனியின் மேல். ஆனால் ஒரு வருஷம் பரணில் கிடந்து அன்றுதான் இறங்கிய கம்பளியில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகளின் கழிவு நிறைந்திருக்கும். தை அறுவடையில் வைக்கோல் தூசியும் அதிலுள்ள பூஞ்சை வித்துகளும் சேர்கின்றன.

ஆகவே எந்த மாதம், எந்த இடம், என்ன வேலை செய்தபோது தும்மல் வந்தது என்று ஒரு வருஷம் குறித்துவைப்பது மருத்துவருக்குப் பேருதவி. கம்பளி, தலையணை உறைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தலாம். பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. வெளியே போய் வந்ததும் கொதித்து ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக்கூடாது.

செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் தும்மலை அடக்கும். பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் தூக்கம் தரும், போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவது ஆபத்து. மூக்கடைப்புக்கு நல்ல பலன் தருவது ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. நாலு நாள் அடித்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்று மூலையில் போடுகிறவர்களே அதிகம். முழுப்பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகலாம், தினமும் அடிக்க வேண்டும். தலையைச் சற்றே குனிந்து, இடது மூக்குக்கு வலது கையால், நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம் சாய்த்து அடிப்பதே முறை. அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

இவற்றுக்கும் அடங்காதவர்களுக்குத் தோல் பரிசோதனையில் காரணத்தைக் கண்டறிந்து, அதே பொருளைச் சிறுசிறு அளவில் செலுத்திப் பழக்கும் சிகிச்சை உண்டு. மூன்று முதல் ஐந்து வருஷம் பிடிக்கும். தும்மலோடு இரவில் இருமலோ, நெஞ்சில் விசில் சத்தமோ, மூச்சிரைப்போ சேர்ந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். அதற்குக் கடை மாத்திரை போதாது, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.